கூட இறங்கியவள்

உத்திரமேரூரிலிருந்து திருப்புலிவனம் போகிற சாலையில் வேதாசலத்தின் ரைஸ் மில் இருந்தது. எழுபதுகளில் அந்த வட்டாரத்தில் புழுங்கலரிசிச் சோறு சாப்பிட்டவர்களில் பாதிப் பேர் அம்முலு காலால் மிதித்த நெல்லைத்தான் சாப்பிட்டார்கள். சொன்னால் இப்போதும் சிலர் முகத்தைச் சுளிப்பார்கள். சுளித்துக்கொண்டே கேட்கட்டும், கதை அந்தக் காலைப் பற்றியதுதான்.

அம்முலு காலனிப் பெண். பதினேழு வயதில் கல்யாணமாகி வந்த மறுவாரமே மில்லில் வேலைக்குச் சேர்ந்துவிட்டாள். முதல் நாள் சாயங்காலம் ஊறல் தொட்டியில் நெல்லைக் கொட்டித் தண்ணீர் விட்டுவைப்பார்கள். மறுநாள் பொழுது விடியும்போது அவளும் இன்னும் மூன்று பெண்களும் புடவையை முழங்காலுக்கு மேல் தூக்கிச் செருகிக்கொண்டு தொட்டிக்குள் இறங்குவார்கள். ஊறிய நெல்லைக் கூடையில் வாரி ஆவி டிரம்மில் கொட்ட வேண்டும். டிரம்முக்கு ஆவி பாய்லரிலிருந்து வரும். பாய்லருக்கு உமி தள்ளுகிறவன் ஏசுதாஸ், அவள் புருஷன். நெல் வாய் பிளந்ததும் சுடச்சுடக் களத்துக்குத் தள்ளிப்போய்க் காயவைக்க வேண்டும். புருஷன் நெருப்பிலும் பெண்டாட்டி தண்ணீரிலுமாக அந்தக் குடும்பம் நடந்தது.

ஈரக் கூடை தூக்கித் தூக்கி இருபத்தைந்து வயதிலேயே அம்முலுவுக்கு வலது தோள் பூட்டிக்கொண்டது. ரவிக்கை போட ஏசுதாஸ்தான் உதவ வேண்டும். அவனும் சலிக்காமல் உதவினான், ஆனால் கொக்கியை மாற்றி மாற்றி மாட்டுவான். ஒரு மார்கழிக் காலையில் குளிர் தாங்காமல் பாய்லருக்குப் பக்கத்தில் சாக்கு போட்டு வைக்கிற சின்ன அறைக்குள் ஒதுங்கினாள். அங்கே ஆவிக் குழாயின் கசிவு ஒன்று சீறிக்கொண்டிருந்தது. கால் மணி நேரம் அதன் முன்னால் உட்கார்ந்தாள். புடவை தெப்பமாக நனைய வேர்த்துவிட்டது. வெளியே வந்தவள் அந்த எரிச்சல் அடங்கட்டும் என்று வாய்க்காலில் ஓடிய கிணற்றுத் தண்ணீரைக் குடம் குடமாகத் தோளில் ஊற்றிக்கொண்டாள். ஊற்றும்போதே கை லேசாக மேலே எழும்பியது. அன்றைக்கு அவள் தூங்கிய தூக்கத்தில் ஏசுதாஸ் இரண்டு தடவை மூச்சு வருகிறதா என்று பார்த்தானாம்.

பிறகு தினமும் அப்படியே செய்தாள். ஒரு மாதத்தில் கை காதுக்கு மேலே போனது. யாரும் சொல்லிக்கொடுத்ததல்ல, புத்தகத்தில் படித்ததும் அல்ல, அவளுக்குப் படிக்கவும் தெரியாது. காரணம் கேட்டவர்களுக்கு அவளே ஒன்றைக் கட்டி வைத்திருந்தாள். "சூடு ரத்தத்த வெளில கூப்புடுது, குளுரு உள்ள தொரத்துது. இப்டி வந்து போயி வந்து போயி, அடச்சிக்கினு கீறது தொறந்துக்குது" என்பாள். மற்றப் பெண்களும் செய்து பார்த்தார்கள். சளி பிடித்தவள், இடுப்பு பிடித்தவள், பிள்ளை பெற்று மூன்று மாதம் கழித்தும் உடம்பு கனத்தவள் என்று எல்லோருக்கும் சாக்கு அறைதான் ஆஸ்பத்திரி. அம்முலு அதற்குச் சட்டம் வைத்தாள். வயிற்றில் சோறு இருக்கக்கூடாது. நெஞ்சு படபடப்பு உள்ளவர்கள் உள்ளே வரக்கூடாது. தண்ணீரில் காலை முதலில் வைத்து, கொஞ்சம் கொஞ்சமாக இறங்க வேண்டும். எல்லாவற்றையும்விட முக்கியமான சட்டம், தனியாக இறங்கக்கூடாது. சூட்டிலிருந்து குளிருக்குப் போகும்போது தலை சுற்றும், பக்கத்தில் ஆள் இருந்தாக வேண்டும்.

இந்தச் சட்டம்தான் அவள் பிழைப்பைக் கெடுத்தது.

வேதாசலத்தின் மனைவி சுலோச்சனா புள்ளலூர்ப் பெண். நிலபுலம் உள்ள வீட்டில் செல்லமாக வளர்ந்தவள். அம்முலுவுக்கும் அவளுக்கும் ஏறக்குறைய ஒரே வயது. எழுபத்து நான்கில் மூன்றாவது பிள்ளை பிறந்த பிறகு சுலோச்சனாவுக்குக் கை கால் மூட்டெல்லாம் வீங்கிக்கொண்டது. விரலை மடக்க முடியாது. தலை பின்ன முடியாது. குழந்தையைத் தூக்கக்கூட ஆள் வேண்டும். காஞ்சிபுரத்து டாக்டர் மாத்திரை கொடுத்தார். மாத்திரை சாப்பிட்டால் வயிறு எரிந்தது, விட்டால் மூட்டு எரிந்தது. அந்த வீட்டில் வேதாசலத்தின் விதவை அக்கா ராணியம்மாளும் இருந்தாள். சாவிக்கொத்து அவள் இடுப்பில்தான் தொங்கும். மருமகளாக வந்தவள் படுத்துக்கொண்டால் வீடு என்ன ஆவது என்று அவள் காலையில் ஒரு தரம், மாலையில் ஒரு தரம் எல்லோர் காதிலும் விழும்படி கவலைப்படுவாள்.

ஒருநாள் சுலோச்சனா களத்துப் பக்கம் நடந்து வந்தாள். அம்முலு நெல்லைக் கிளறிவிட்டுக்கொண்டிருந்தாள்.

"அம்முலு, உனக்கும் கை பூட்டிக்கினு இருந்துச்சாமே. எப்டி சரியாச்சு?"

அம்முலு கிளறுகட்டையைத் தலைக்கு மேலே தூக்கிக் காட்டினாள்.

"இன்னா மாத்திர சாப்ட்ட?"

"மாத்திரயும் இல்ல மண்ணாங்கட்டியும் இல்லம்மா. வேத்துக் கொட்டணும், அப்பால பச்சத் தண்ணில முங்கணும். அவ்ளோதான்."

"எனக்கும் பண்ணி வுடுறியா?"

மத்தியானம் இரண்டு மணிக்கு மேல் கரண்ட் கட். மிஷின் நின்றுவிடும், ஆட்கள் வேப்பமர நிழலில் துண்டை விரித்துப் படுத்துவிடுவார்கள். ராணியம்மாளும் அந்த நேரம் கண் அயர்வாள். பாய்லருக்குக் கரண்ட் தேவையில்லை. அந்த ஒரு மணி நேரத்தைத்தான் இருவரும் எடுத்துக்கொண்டார்கள். சாக்கு அறையைப் பெருக்கி, ஒரு பலகை போட்டு, குழாய் வாயில் நொச்சித் தழையைக் கட்டிவிட்டு, ஏசுதாஸிடம் வால்வைக் கொஞ்சமாகத் திறக்கச் சொல்வாள் அம்முலு. சுலோச்சனா ஒரு பழைய புடவையைச் சுற்றிக்கொண்டு உட்காருவாள். கதவுக்கு வெளியே நின்று அம்முலு பேச்சுக் கொடுத்துக்கொண்டே இருப்பாள். பதில் வருவது நின்றால் கதவைத் திறந்துவிடுவாள்.

குளிர் தண்ணீருக்கு மில்லின் பின்பக்கம் பம்புசெட் தொட்டி இருந்தது. நாலு பக்கமும் வாழை. கிணற்றுத் தண்ணீர் அதில் விழுந்து, ஒரு குழாய் வழியாக வீட்டுக்கும் இன்னொரு குழாய் வழியாக ஊறல் தொட்டிக்கும் போகும். கழுத்தளவு ஆழம். சித்திரை வெயிலிலும் அந்தத் தண்ணீர் பல்லைக் கிட்டிக்க வைக்கும். வீட்டுத் தண்ணீர் என்பதால் காலனி ஆட்கள் யாரும் அதில் விரல் வைக்கக்கூடாது. ஊறல் தொட்டிக்குள் இறங்கி முட்டி வரைக்கும் மிதிக்கலாம், அந்த நெல் சோறாகித் தட்டுக்குப் போகலாம், அதில் ஒரு குறையும் இல்லை. பம்புசெட் தொட்டியில்தான் குறை வந்துவிடும். இந்தக் கணக்கை யார் போட்டார்களோ தெரியாது, எல்லோரும் கைகட்டி ஒத்துக்கொண்டிருந்தார்கள். அம்முலுவும்தான். அவள் கரையில் நின்றுகொண்டு, "காலு வைங்க. இன்னும் கொஞ்சம். மூச்ச மெதுவா வுடுங்க" என்று சொல்லுவாள். தன் சட்டத்தைத் தானே பாதி உடைத்துக்கொண்டிருக்கிறோம் என்று அவளுக்கு உறுத்தியது. ஆனால் என்ன செய்வது.

மூன்றாவது வாரம் ஒரு வெள்ளிக்கிழமை. சுலோச்சனா விரதம் என்று முதல் நாள் மாலையிலிருந்தே பச்சைத் தண்ணீர்கூடப் பல்லில் படாமல் இருந்திருக்கிறாள், சொல்லவில்லை. ஆவியில் உட்கார்ந்து எழுந்து வந்து தொட்டியில் இறங்கினாள். இடுப்பு, மார்பு, கழுத்து. பிறகு கண் மேலே செருகியது. சுவரைப் பிடித்திருந்த கை நழுவியது. சத்தமே இல்லாமல் உள்ளே போனாள்.

அம்முலு யோசித்திருந்தால் சுலோச்சனா செத்திருப்பாள். அவள் யோசிக்கவில்லை. புடவையோடு குதித்து, தலைமுடியைப் பிடித்துத் தூக்கி, மோவாயைத் தன் தோளில் சாய்த்துக்கொண்டு நின்றாள். ஒரு நிமிஷம் போனது. சுலோச்சனா இருமினாள், மூக்கு வழியாகத் தண்ணீர் வந்தது. கண் திறந்து யார் என்று பார்த்துவிட்டு, அம்முலுவின் கழுத்தைக் கட்டிக்கொண்டு குழந்தை மாதிரி அழுதாள்.

"உட்ருந்தா போயிருப்பேன்டி."

"போவ மாட்டீங்க. நான் கீறேன்ல."

அப்போதுதான் அம்முலுவுக்குத் தான் எங்கே நிற்கிறோம் என்று உறைத்தது. வெளியே ஏறப் போனாள். சுலோச்சனா விடவில்லை.

"இனிமே நீ வெளில நிக்காத. எங்கூடவே எறங்கு."

"யாருனா பாத்தா பேஜாராயிடும்மா."

"பாத்தா பாக்கட்டும். நான்தான் எறங்கச் சொன்னேன்னு சொல்றேன். போதுமா? நான் சொல்லிக்கிறேன் அம்முலு."

அம்முலு அந்த வார்த்தையை நம்பினாள். நம்பாமல் என்ன, தண்ணீருக்குள் கழுத்தைக் கட்டிக்கொண்டு சொன்ன வார்த்தை அது.

அதற்குப் பிறகு ஐந்து மாதம். அம்முலுவின் வாழ்க்கையில் அவ்வளவு சந்தோஷமான காலம் வேறு இல்லை என்று அவளே பிற்பாடு சொல்லியிருக்கிறாள், சொல்லும்போது வாயைக் கோணிக்கொண்டுதான் சொல்வாள். தினமும் மத்தியானம் இருவரும் கழுத்தளவு தண்ணீரில் எதிரும் புதிருமாக நிற்பார்கள். முதலில் உடம்பு நடுங்கும். பிறகு நடுக்கம் நின்று உள்ளேயிருந்து ஒரு கதகதப்பு கிளம்பும். அந்த நேரத்தில் வாய் தானாகத் திறந்துகொள்ளும். புள்ளலூரில் தன் அப்பா வாங்கித் தந்த சைக்கிளைக் கல்யாணத்துக்கு முன்னால் விற்றுவிட்டது பற்றி சுலோச்சனா சொல்வாள். ராணியம்மாள் சர்க்கரை டப்பாவில் விரலால் கோடு போட்டு வைப்பது பற்றிச் சொல்வாள். ஏசுதாஸ் கொக்கி மாட்டிய கதையை அம்முலு சொன்னபோது சுலோச்சனா சிரித்த சிரிப்பில் புரை ஏறிவிட்டது. வெளியே வந்தால் இருவருக்கும் ஒரே உப்புக் கஞ்சி. அம்முலுதான் தூக்குவாளியில் கொண்டுவருவாள், சுலோச்சனா அதே வாளியில் வாய் வைத்துக் குடிப்பாள்.

இரண்டாவது மாதம் வீக்கம் வடிந்தது. நாலாவது மாதம் சுலோச்சனா தன் தலையைத் தானே பின்னிக்கொண்டாள். அன்றைக்குத் தொட்டிக் கரையில் அம்முலுவைத் திருப்பி உட்காரவைத்து அவள் ஈரத்தலையையும் பின்னிவிட்டாள். "பாரு, வெரலு எப்டி மடங்குதுன்னு" என்றாள். அம்முலு அந்தப் பின்னலை இரண்டு நாள் அவிழ்க்கவில்லை.

பங்குனி மாதம். வெயில் ஏறிவிட்டது, கிணற்றில் தண்ணீர் இறங்கிவிட்டது. அன்றைக்கு ராணியம்மாளுக்குத் தூக்கம் வரவில்லை. வாழைத் தார் எப்படி இருக்கிறது என்று பார்க்கப் பின்பக்கம் வந்தாள். தொட்டிக்குள் இரண்டு தலைகள் தெரிந்தன. இரண்டும் சிரித்துக்கொண்டிருந்தன.

அவள் கத்தவில்லை. சுலோச்சனாவை ஒரு வார்த்தை கேட்கவும் இல்லை. திரும்பி நடந்து போய்க் களத்தின் நடுவில் நின்று தம்பியைக் கூப்பிட்டாள். படுத்திருந்த ஆட்களெல்லாம் எழுந்து உட்கார்ந்தார்கள். அம்முலுவும் சுலோச்சனாவும் ஈரப் புடவையோடு களத்துக்கு வரும்போது ஏறக்குறைய இருபது பேர் அங்கே இருந்தார்கள். கார் டிரைவர் வேதகிரி இருந்தார். பாய்லர் வாசலில் ஏசுதாஸ் உமிக் கூடையோடு நின்றான்.

வேதாசலம் கெட்டவர் என்று சொல்ல முடியாது. மனைவிக்கு உடம்பு தேறியதில் அவருக்கு அத்தனை சந்தோஷம். யாரால் தேறியது என்பதும் அரைகுறையாகத் தெரியும். சுலோச்சனா ஒரு வார்த்தை சொல்லியிருந்தால், அக்காவை நாலு சமாதானம் சொல்லி அனுப்பிவிட்டு அவர் கணக்குப்பிள்ளை அறைக்குப் போயிருப்பார். எல்லாம் அந்த ஒரு வார்த்தையில் நின்றது.

"இன்னா அம்முலு இது. தொட்டில யாரு உன்ன எறங்கச் சொன்னது?" என்று கேட்டார்.

அம்முலுவுக்குப் பயமே இல்லை. பதில் சொல்ல வேண்டியவள் பக்கத்தில்தான் நிற்கிறாள். அவள் சுலோச்சனாவைத் திரும்பிப் பார்த்தாள்.

சுலோச்சனா புடவைத் தலைப்பைப் பிழிந்துகொண்டே, "நான் கண்ண மூடிக்கினு நின்னுக்கினு இருந்தேன். அவ எப்ப எறங்குனான்னு எனக்குத் தெரியாது" என்றாள்.

இருபது பேரும் அம்முலுவைப் பார்த்தார்கள். அம்முலு சுலோச்சனாவையே பார்த்துக்கொண்டிருந்தாள். பொய்யா இது, தன் காதில்தான் ஏதாவது கோளாறா என்று ஒரு கணம் சந்தேகம் வந்தது. சுலோச்சனா நிமிரவில்லை. பிழிந்த தலைப்பையே திரும்பத் திரும்பப் பிழிந்தாள், நன்றாக மடங்கிய விரல்களால். அந்த மடங்கலை வாங்கித் தந்தவள் அம்முலு.

ஏன் எதிர்த்துப் பேசவில்லை என்று ஏசுதாஸ் அன்றைக்குக் கேட்டான். ஆட்கள் முன்னால் சொல்ல சுலோச்சனாவுக்குக் கூச்சமாக இருந்திருக்கும், வீட்டுக்குள் போனதும் புருஷனிடம் மெதுவாகச் சொல்லிவிடுவாள், நாளைக்கு ஆள் வரும் என்று அம்முலு சொன்னாள். அப்படி ஒரு ஏமாளி அவள். ஏமாற்றினவளுக்கு அவளே சாக்கு கண்டுபிடித்துக் கொடுத்துக்கொண்டிருந்தாள்.

மறுநாள் ஆள் வரவில்லை, தொட்டியைக் காலி பண்ணும் உத்தரவுதான் வந்தது. ராணியம்மாள் முன்னால் நின்று மேற்பார்வை பார்த்தாள். தண்ணீர் முழுவதையும் திறந்துவிட்டு, சுவரைத் தேய்த்துக் கழுவி, மஞ்சள் தண்ணீர் தெளித்து, புதுத் தண்ணீர் நிரப்ப வேண்டும். ஆனால் பங்குனியில் ஒரு தொட்டித் தண்ணீரை மண்ணில் விட வேதாசலத்துக்கு மனசு வரவில்லை. "வீணாக்காத, ஊறலுக்குத் திருப்பி வுடு" என்றார். ராணியம்மாளும் அது நியாயம்தான் என்று தலையாட்டினாள். வால்வைத் திருப்பியவன் ஏசுதாஸ். ஊறல் தொட்டியில் அன்றைக்குக் கிடந்தது வெளியாள் நெல் இல்லை, வீட்டுச் செலவுக்கென்று ஒதுக்கிய கிச்சிலிச் சம்பா, வருஷம் பூராவும் அவர்கள் தின்னப் போகிற நெல்.

ஏசுதாஸ் வந்து இதைச் சொன்னதும் அம்முலு விழுந்து விழுந்து சிரித்தாள்.

"நான் குளிச்ச தண்ணி அந்தம்மா குளிக்க ஆவாதாம், துன்ன ஆவுமாம்" என்றாள். சிரித்துக்கொண்டே இருந்தவள் எப்போது அழ ஆரம்பித்தாள் என்று ஏசுதாஸுக்குத் தெரியவில்லை. அவர்கள் மகள் மேரி ஓடிவந்து அம்மாவின் வாயைப் பொத்தினாள்.

அம்முலுவை வேலைக்கு வர வேண்டாம் என்று சொல்லிவிட்டார்கள். ஏசுதாஸை மட்டும் வைத்துக்கொண்டார்கள், அந்த பாய்லரின் குணம் தெரிந்த ஆள் வேறு இல்லை. தானும் நின்றுவிடுவதாக அவன் சொன்னான். அம்முலுதான் தடுத்தாள். பிள்ளைக்குச் சோறு வேண்டுமே என்பது வெளியே சொன்ன காரணம். அந்த வீட்டிலிருந்து ஒரு சொல் வந்தால் கொண்டுவர ஆள் வேண்டுமே என்பது சொல்லாத காரணம். மாலையில் அவன் வந்ததும், "இன்னா, எதனா சொன்னாங்களா?" என்பாள். "இன்னா சொல்வாங்க" என்பான் அவன். ஒரு வருஷம்போல இந்தக் கேள்வியும் பதிலும் நடந்தன. பிறகு கேள்வி நின்றது.

ஒரு தடவை டிரைவர் வேதகிரி ஒரு புடவையைக் கொண்டுவந்து கொடுத்தார். நல்ல புடவை, இரண்டு மூன்று தடவைதான் கட்டியது.

"அம்மா உனக்குக் குடுக்கச் சொன்னாங்க."

"குடுக்கச் சொன்னாங்க சரி. கூட இன்னா சொன்னாங்க?"

"வேற ஒண்ணும் சொல்லலியே."

"அப்ப எடுத்துக்கினு போங்கண்ணா. பொடவ கீது எங்காண்ட."

இன்னொரு தடவை ஏசுதாஸ் ஒரு செய்தி கொண்டுவந்தான். வீட்டுக்கு வந்த உறவுக்காரப் பெண்களிடம், தன் வாதம் போனது ஏதோ பத்திரிகையில் படித்துச் செய்த நீராவிக் குளியலால் என்று சுலோச்சனா சொன்னாளாம். அம்முலு அதைக் கேட்டுக்கொண்டே உலையில் அரிசி போட்டாள். வேலை போனதைவிட, தொட்டியைக் கழுவியதைவிட, இதுதான் அவளை அதிகம் அறுத்தது. தன்னைத் தொட்டியில் இறங்கியவளாகக்கூட அவள் வைத்துக்கொள்ளவில்லை. ஒரு பத்திரிகையாக ஆக்கிவிட்டாள்.

அம்முலு நடவுக்கும் களைக்கும் போனாள். தோள் மறுபடி முனக ஆரம்பித்தது. குடிசைக்குப் பின்னால் நாலு தென்னங்கீற்றில் ஒரு மறைப்புக் கட்டினாள். பானையில் நொச்சியும் வேப்பிலையும் கொதிக்க வைத்து, போர்வைக்குள் உட்கார்ந்து வேர்த்துவிட்டு, காலனிக்குப் பக்கத்து ஏரியில் போய் முங்கினாள். கரையில் மேரியை நிறுத்தமாட்டாள், கூடவே இறக்குவாள். காலனிப் பெண்கள் ஒவ்வொருவராக வந்தார்கள். ஒவ்வொருவரோடும் அவள் தண்ணீரில் இறங்கினாள், முழங்கையைப் பிடித்துக்கொண்டாள், மூச்சை மெதுவாக விடச் சொன்னாள். எத்தனையோ பேரோடு இறங்கினாள். ஆனால் அந்தப் பழைய ஐந்து மாதத்தில் பேசிய மாதிரி தண்ணீருக்குள் அவள் யாரோடும் பேசியதில்லை.

எண்பத்து நாலாம் வருஷம் ஐப்பசியில் ஒரு காலை, காலனி முனையில் அம்பாஸடர் கார் வந்து நின்றது. வேதகிரி கதவைத் திறந்துவிட, சுலோச்சனா இறங்கினாள். அந்த வீட்டுக்காரர்கள் யாரும் அதுவரை காலனிக்குள் கால் வைத்ததில்லை. சந்தில் அவள் நடந்து வந்த நடையைப் பார்த்தே அம்முலுவுக்குப் புரிந்துவிட்டது. முட்டி மடங்கவில்லை. விரல்கள் பழையபடி வீங்கியிருந்தன. ராணியம்மாள் போய்ச் சேர்ந்து இரண்டு வருஷமாகியிருந்தது, சாவிக்கொத்து இப்போது சுலோச்சனா இடுப்பில் தொங்கியது. வேதகிரி பின்னாலேயே வந்து நாலடி தள்ளி நின்றார்.

அம்முலு ஒரு முக்காலியைப் போட்டாள். சுலோச்சனா உட்கார்ந்தாள். சௌக்கியமா, பிள்ளை எங்கே என்பதெல்லாம் முடிந்தது. பத்து வருஷமாகத் தேக்கி வைத்ததெல்லாம் வாய்க்கு வரும் என்று அம்முலு நினைத்தாள். எதிரே இருந்த வீங்கின விரல்களைப் பார்த்தால் ஒன்றும் வரவில்லை.

"பெரியவளுக்குத் தை மாசம் கல்யாணம் அம்முலு. இந்தக் கையால ஒரு தட்டு எடுத்து நீட்ட முடியாது போலக் கீது."

"ஆவி எடுத்தீங்களா?"

"எடுக்கிறேன். வேர்க்குது, கொஞ்சம் தேவல. தண்ணிக்குத்தான் பயம். போன மாசம் தனியா எறங்குனேன், கண்ணு இருட்டிக்கினு வந்துடுச்சி. நல்ல காலம், செவுத்தப் புடிச்சிக்கினேன்."

"வூட்ல வேலக்காரப் பொண்ணு கீறாளே. அவள எறங்கச் சொல்றதுதான."

"அவளுக்குப் புடிக்கத் தெரியல. எனக்கும் அவ மேல நம்பிக்க வரல." சுலோச்சனா குரலைத் தாழ்த்தினாள். "நீ வாயேன். தைக்கு மூணு மாசம் கீது. யாரும் ஒண்ணும் சொல்ல மாட்டாங்க. அக்காவும் இப்ப இல்ல."

போக வேண்டும் என்று அம்முலுவுக்கு ஆசையாகத்தான் இருந்தது. அதை மறைத்துச் சொல்லிப் பிரயோசனமில்லை. அந்தத் தொட்டி, அந்த வாழை, உப்புக் கஞ்சி எல்லாம் ஒரு நொடி கண்ணுக்குள் வந்து போயின.

"வர்றேம்மா. ஒரு வார்த்த சொல்லிடுங்க, இப்பவே கெளம்பி வர்றேன்."

"இன்னா வார்த்த?"

"அன்னிக்கு எறங்கச் சொன்னது யாருன்னு."

சுலோச்சனாவின் முகம் சிவந்தது. முன்னால் சாய்ந்து, அம்முலுவுக்கு மட்டும் கேட்கிற குரலில், "நான்தான் சொன்னேன். எனக்குத் தெரியாதா அம்முலு. தெனம் அத்த நெனச்சிக்கினுதான் கீறேன்" என்றாள். கண்ணில் நீர் கோத்துக்கொண்டது. அது பொய்யான கண்ணீர் இல்லை.

"எனக்கு எதுக்கும்மா சொல்றீங்க. நான்தான் அங்க இருந்தேனே" என்றாள் அம்முலு. "அதோ வேதகிரி அண்ணன் நிக்கிறாரு. அன்னிக்குக் களத்துலயும் இருந்தாரு. ஊரக் கூட்ட வேணாம். அவரு ஒருத்தராண்ட சொல்லுங்க, போதும்."

சுலோச்சனா திரும்பி டிரைவரைப் பார்த்தாள். வேதகிரி தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார், காது மட்டும் இங்கே இருந்தது. சுலோச்சனாவின் உதடு அசைந்தது. அம்முலு காத்திருந்தாள். சந்தில் ஒரு கோழி குறுக்கே போனது.

"அதெல்லாம் இப்ப எதுக்கு அம்முலு" என்றாள் சுலோச்சனா. "எவ்ளோ வருசமாச்சி."

அம்முலுவுக்குக் கோபம் வரும் என்று நினைத்தால் வரவில்லை. பத்து வருஷம் முன்னால் சொன்ன பொய்யைக்கூடப் பயத்தில் சொன்னாள் என்று வைத்துக்கொள்ளலாம். ராணியம்மாள் போன பிறகும், களமும் கூட்டமும் இல்லாமல், ஒற்றை டிரைவர் முன்னால் வராத வார்த்தை இனி வரப்போவதில்லை. இத்தனை நாளாக மனசின் ஒரு மூலையில் அவள் காப்பாற்றி வைத்திருந்த அந்தச் சாக்கும் அன்றைக்குத் தீர்ந்துபோனது.

அவள் எழுந்து சுலோச்சனாவின் முழங்கையைப் பிடித்து எழுப்பிவிட்டாள். தண்ணீரில் பிடித்த அதே பிடி. சந்து முனைவரை அந்தப் பிடியை விடாமல் நடத்திக்கொண்டே எல்லாவற்றையும் சொன்னாள். நொச்சியோடு கொஞ்சம் புளிய இலையும் சேர்க்கச் சொன்னாள். வெள்ளிக்கிழமை விரதம் இருந்தால் ஆவி எடுக்கக்கூடாது என்றாள். கழுத்துவரை ஒரேயடியாகப் போகாமல் இடுப்போடு நின்று இருபது எண்ணச் சொன்னாள். வெளியே வந்ததும் உப்புக் கஞ்சி. ஒன்றையும் மறைக்கவில்லை, வலி யாருக்கு வந்தாலும் வலிதான்.

காரில் ஏற்றி உட்காரவைத்த பிறகு, கதவைப் பிடித்துக்கொண்டு கடைசியாகச் சொன்னாள்.

"தனியா மட்டும் எறங்காதீங்க. கூட ஒரு ஆளு எறங்கணும். எறங்குனவ பேரக் கேட்டா சொல்றதுக்கு உங்களுக்கு வாயி வரணும். அது வர்றப்ப சொல்லி அனுப்புங்கம்மா, நான் வர்றேன்."

கதவைச் சாத்தினாள். வேதகிரி அவள் முகத்தைப் பார்க்காமல் வண்டியைக் கிளப்பினார். கார் திரும்பும்போது பின்சீட்டு ஜன்னல் அம்முலுவின் பக்கமாக வந்தது. சுலோச்சனா கண்ணை மூடிக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். இந்தத் தடவை நிஜமாகவே மூடிக்கொண்டிருந்தாள்.